ஒருசந்தி நாளில் ஒரு பகா எண்

டிங் டிங்கென்று நாணயம் விழும் சத்தம் சட்டென்று நின்றது. காரைக்குடி பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண்ணின் கைபேசி விளையாட்டு. எட்டிப் பார்த்தேன், நாகரிகமில்லைதான். புள்ளிகள் 2147483647. எவ்வளவு தட்டியும் அதற்கு மேல் ஏறவில்லை. "மாட்டிக்கிச்சு," என்றாள். எனக்கோ பழைய சிநேகிதியைக் கூட்டத்தில் கண்டதுபோல் இருந்தது.

முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருகிற எண் அது. பல கணினிகளுக்கு அதுதான் எல்லைச்சுவர். பகா எண்ணும்கூட, ஒன்றையும் தன்னையும் தவிர எதற்கும் வசப்படாதது. வசப்படாதது என்றதும் சகாயமேரி டீச்சர் வந்துவிடுகிறார்.

நெற்குப்பையில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் நாங்கள் இருவரும் டியூஷன் எடுத்தோம். அவர் காளையார்கோவில்காரர். அது பகா எண் என்று கல்லூரியில் பாடம் நடந்தபோது, "எப்புடி சார்?" என்று கேட்டிருக்கிறார். "புத்தகத்துல போட்டிருக்குல்ல, எழுதிக்கம்மா," என்றாராம் பேராசிரியர். உலகத்தில் ஒன்றையாவது தானே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வீம்பு அன்று டீச்சருக்கு ஏறியது. நாங்கள் டியூஷன் எடுத்த வருஷம், ஈஸ்டர் முடிந்ததும் அவருக்குக் கல்யாணம், பிறகு வெளியூர். அதற்குள் முடித்தாக வேண்டும்.

தவக்காலத்தில் எல்லோரும் கறியை விடுவார்கள். டீச்சர் கூடவே வகுத்தலையும் எடுத்துக்கொண்டார். "நீங்க கறி திங்கிறவுக. கணக்காவது போடுங்க சார்," என்று எனக்கும் பங்கு வந்தது.

கணிதம் கொஞ்சம் இரக்கம் காட்டியது. அந்த எண்ணின் வர்க்கமூலம், அதாவது நாற்பத்தாறாயிரத்துச் சொச்சம் வரை தேடினால் போதும். அதிலும் 248ஆல் வகுத்தால் ஒன்றோ அறுபத்துமூன்றோ மிஞ்சுகிற பகா எண்கள் மட்டுமே அதை வகுக்கக்கூடும், நூறுகூடத் தேறாது. பழைய வினாத்தாள்களின் முதுகில், மதியத்துக்கு ஆளுக்கொன்றாக வகுத்தோம். நான் சாப்பிட்டுக்கொண்டே வகுத்ததில் பாதித் தாள் புளிக்குழம்பு.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளி. ஒருவேளை மட்டும் சாப்பிடும் ஒருசந்தி விரதம் என்பதால் காலையிலிருந்து டீச்சர் வெறும் தண்ணீர்தான். 44641ஆல் வகுத்தவர் பேனாவை மூடி வைத்தார்.

"மீதி இல்ல சார். வகுபட்டுருச்சு."

முகம் செத்துப்போயிருந்தது. தாளை வாங்கிப் பார்த்தேன். ஈவு 48105.

"ஒன்னையும் அஞ்சையும் பெருக்குனா கடைசில அஞ்சுதான வரும்? நம்ம எண்ணு ஏழுலதான முடியுது, டீச்சர்."

தாளைப் பிடுங்கி மேலிருந்து வரி வரியாகச் சரிபார்த்தார். பிறகு சிரித்தார். "கழிக்கையில கடன் வாங்கல, கடைசி இலக்கத்தையும் தப்பா இறக்கியிருக்கேன். பசி சார்." மறுபடி போட்டார். மீதி வந்தது. மீதியைக் கண்டு அத்தனை சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை, கடைசி எண்ணும் முடிந்தது. எதற்கும் அது வகுபடவில்லை.

இன்று அந்தப் பின்கட்டு ஹோட்டல் அறை. வினாத்தாள்கள் எந்த அடுப்புக்குப் போயினவோ. கைபேசி அதே விடையைக் கண்ணிமைக்குமுன் சொல்லிவிடுகிறது, அதை நம்பிக்கொள்கிறோம். நான் என் கையால் பார்த்துத் தெரிந்துகொண்டவை வாழ்க்கையில் சொற்பம். அதில் ஒன்று அவர் தந்தது. அதற்கு நன்றி சொல்லக்கூட அன்று தோன்றவில்லை. ஊருக்குக் கிளம்பிய டீச்சரின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை போனேன், அவ்வளவுதான். படியில் ஏறியவர் திரும்பிப் பார்த்தார்.

"புத்தகத்துல சரியாத்தான் போட்டிருக்காக, சார்."