ஒரே பையில் வந்த டெண்டர்கள்

எனக்கு ஞாபக சக்தி அதிகம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். அது பாடத்துக்கு உதவியதைவிடப் பகைக்குத்தான் அதிகம் உதவியிருக்கிறது. யார் என்னை எந்த இடத்தில் நிற்க வைத்து என்ன சொன்னார்கள் என்பது, அன்றைக்கு அவர்கள் போட்டிருந்த சட்டையோடு சேர்த்து மனதில் நிற்கும். மன்னித்துவிடு, மறந்துவிடு என்று நிறையப் பேர் புத்தி சொல்லியிருக்கிறார்கள். கேட்டுக்கொள்வேன். செய்ய மாட்டேன்.

புதுச்சேரிப் பக்கம் ஊராட்சி ஒன்றியம் மாதிரி இருக்கிற எங்கள் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தின் மாடிப்படியில் என்னை நிற்க வைத்தவர் அன்று வெள்ளைச் சட்டையும் சந்தனக் கலர் பேண்ட்டும் போட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் சாலையோ வாய்க்காலோ சிறுபாலமோ, எது போட்டாலும் அவர் போடுவார், இல்லாவிட்டால் அவர் கை காட்டும் ஆள் போடுவார். பெரிய கான்ட்ராக்டர் என்றால் அவர் ஒருவர்தான். நான் டிப்ளமோ சிவில் முடித்து, வில்லியனூரில் ஒரு பில்டரிடம் சைட் சூப்பர்வைசராக வெயிலில் காய்ந்து, அப்போதுதான் சொந்தமாக ஒப்பந்ததாரர் பதிவு வாங்கியிருந்தேன். கடைசி வகுப்புப் பதிவு. சின்ன வேலைகள் மட்டும் எடுக்கலாம். நான் போட வந்த முதல் டெண்டர், எங்கள் ஊர் வாய்க்காலுக்குப் பக்கச்சுவர் கட்டுவது. எங்கள் கரும்புக் கொல்லையை ஒட்டியே போகிற வாய்க்கால் அது. மழைக்காலத்தில் எந்த இடத்தில் உடைத்துக்கொண்டு கொல்லைக்குள் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.

அப்போது டெண்டர் பெட்டி மாடியில் இருக்கும். மூன்று மணிக்குள் சீல் வைத்த கவரை அதில் போட வேண்டும். ஆனால் போட்டி எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். பெரிய கான்ட்ராக்டரும் கூட்டாளிகளும் மதகடிப்பட்டில் ஓர் ஓட்டலில் உட்கார்ந்து, எந்த வேலை யாருக்கு என்று பேசி முடித்துவிடுவார்கள். வேலை எடுக்கப் போகிறவரைத் தவிர மற்றவர்கள் வேண்டுமென்றே கூடுதலாக விலை எழுதுவார்கள். கடைசி நேரத்தில் யாரும் பேச்சு மாறிவிடக் கூடாது என்று, எல்லோருடைய கவரையும் அவரே வாங்கி ஒரு ரெக்சின் பையில் போட்டுக்கொண்டு வந்து, தன் கையால் பெட்டியில் போடுவார். இதற்கு 'செட்' என்று பெயர். செட்டில் இல்லாதவர்கள் மேலே ஏறிவிடாமல் இருக்கப் படிக்கட்டில் ஆட்கள் நிற்பார்கள்.

அடிக்க மாட்டார்கள், மிரட்ட மாட்டார்கள். அன்றைக்கு அவரே வழியில் நின்றுகொண்டு, "இன்னா பாப்பா, எங்க கெளம்பிட்ட?" என்று சிரித்தார். நான் வாய் திறப்பதற்குள் என் கையிலிருந்த கவரை எடுத்து விசிறிக்கொள்ள ஆரம்பித்தார். "இன்னா வெக்கை பாத்தியா?"

நான் கவரைத் திருப்பிக் கேட்கக் கேட்க விசிறிக்கொண்டே இருந்தார். மழை வருமா என்றார். இந்த வருடம் கரும்பு எப்படி என்றார். டிப்ளமோவில் எத்தனை மார்க் என்றார். இரண்டு பேர் எனக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றார்கள். கத்தியிருக்கலாம். கத்தவில்லை. மூன்று மணியாகி, மேலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் சத்தம் கேட்டதும் கவரை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார்.

கீழே அப்பா பைக்கோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய கான்ட்ராக்டர் எங்களுக்குத் தூரத்து உறவு. அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். படியில் நின்றபடியே, "மாமா, பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு இந்தக் கல்லு மண்ணு வேல? காலாகாலத்துல ஒரு எடத்துல புடிச்சிக் குடுத்துடு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

அவர் ஏன் சிரித்தார் என்று எனக்குத் தெரியும். கரும்பு வெட்ட ஆளும், ஆலைக்கு ஏற்ற லாரியும் அந்த மனிதரின் தம்பி மூலமாகத்தான் வந்துகொண்டிருந்தன. தெரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை. அப்பாவின் மேலும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். வீடு திரும்பும் வழியில் பைக்கின் பின்னால் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தை முடிவு செய்தேன். அந்த ஆளை அதே அலுவலகத்தில், அதே ஜனங்களின் முன்னால், வெறுங்கையோடு நிற்க வைக்க வேண்டும். அது எப்படி என்று மட்டும் அப்போது தெரியவில்லை.

வாய்க்கால் சுவரை அவரே கட்டினார். கம்பி எங்கே, சிமென்ட் எங்கே என்று தேட வேண்டிய சுவர். அடுத்த மழைக்கு அது வாய்க்காலுக்குள்ளேயே படுத்துக்கொண்டது. கொல்லையில் முழங்கால் தண்ணீர் நின்றது. எனக்குத் துக்கத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. கறுவிக்கொண்டே காத்திருந்தேன்.

வழி அந்த அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையிலேயே கிடைத்தது. கொம்யூனின் கொள்முதல் விதிகளையும் ஒப்பந்த விதிகளையும் திருத்தப் போகிறார்கள், டெண்டர் இனி ஆன்லைனில்தான், வரைவைப் பார்த்து யார் வேண்டுமானாலும் கருத்து எழுதித் தரலாம் என்று ஒட்டியிருந்தார்கள். நான் வரைவின் நகல் கேட்டதும் அந்த செக்‌ஷன் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தப் போயி யாரும்மா படிப்பாங்க? எனக்கே தூக்கம் வருது" என்றார்.

நான் படித்தேன். வேப்பிலைச் சாறு மாதிரி இருந்தது, ஆனாலும் ஒரு வரி விடாமல் படித்தேன். ஆன்லைன் வந்துவிட்டால் படிக்கட்டு போய்விடும் என்று எழுதியவர்கள் நம்பியிருந்தார்கள். அவர்களுக்கு எங்கள் ஆளைத் தெரியாது. படிக்கட்டு போகும், செட் போகாது. கூட்டாளிகளை ஒருநாளும் நம்பாத மனிதர் அவர். ஆன்லைனில் டெண்டர் போட ஒவ்வொரு ஒப்பந்ததாரருக்கும் பென்டிரைவ் மாதிரி ஒரு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் உண்டு. கவரை வாங்கியது போலவே அவர் டோக்கன்களையும் வாங்கி, அதே பையில் போட்டு, ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தன் கண் முன்னாலேயே ஏற்ற வைப்பார். அவருக்கு வேறு மாதிரி செய்யத் தெரியாது.

சிமென்ட் சோதனை, வேலை நடக்கும் இடத்தில் தகவல் பலகை என்று பொதுவாகச் சில யோசனைகள் எழுதினேன். நல்ல யோசனைகள்தான், ஆனால் அவை கறித்துண்டை மறைக்க மேலே போட்ட சோறு. நடுவில் சாதுவாக இதை வைத்தேன்: ஒரே கணினியிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட ஒப்பந்ததாரர்களின் டெண்டர்கள் பதிவேற்றப்பட்டால், அவை கூட்டுச் சேர்ந்து போட்டவையாகக் கருதி அனைத்தும் நிராகரிக்கப்படும், அவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு இந்தக் கொம்யூனின் எந்த டெண்டரிலும் கலந்துகொள்ள முடியாது. இரண்டு ஆண்டு போதுமா என்று வெகுநேரம் யோசித்தேன். ஐந்து என்று எழுதக் கை துறுதுறுத்தது. வன்மம் தெரிந்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

புதிய விதிகள் வந்தபோது என் வரி அப்படியே இருந்தது. பதிவு செய்த எல்லோருக்கும் நகல் அனுப்பினார்கள். செட்டில் ஒருவர்கூட அதைப் பிரித்துப் பார்க்கவில்லை என்பதை நான் சீக்கிரமே தெரிந்துகொண்டேன்.

புதிய விதிப்படி வந்த முதல் டெண்டர்களில் ஒன்று, படுத்துவிட்ட அதே வாய்க்கால் சுவர். என் டெண்டரை வீட்டிலிருந்து என் லேப்டாப்பில் போட்டேன். திறக்கும் நாளன்று நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன், கல்யாணத்துக்குப் போவது போல. மாடி ஹாலில் செட் முழுவதும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. பொறியாளர் திரையைப் பார்த்தார், விதிப் புத்தகத்தைப் புரட்டினார், மறுபடி திரையைப் பார்த்தார். ஒன்றைத் தவிர மற்ற எல்லா டெண்டர்களும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து வந்திருக்கின்றனவே, எப்படி என்று கேட்டார்.

மறுத்திருந்தால்கூட இழுத்தடித்திருக்கலாம். பெரிய கான்ட்ராக்டர் எழுந்து நின்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "ஆமா சார், நான்தான் எல்லாத்தையும் எடுத்துனு போயி போட்டேன். எப்பவும் நான்தான போடுவேன்? அதுல இன்னா தப்பு?"

பொறியாளர் விதியைச் சத்தமாகப் படித்தார். கூட்டாளிகள் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காக நான் இன்னும் பத்து வரைவு விதிகளைப் படிப்பேன். ரெக்சின் பையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்றார், உட்கார்ந்தார், மறுபடி நின்றார். என் வயிறு குளிர்ந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மிஞ்சியது என் டெண்டர் ஒன்றுதான் என்பதால் விதிப்படி அதையும் ஏற்க முடியாது என்று மறு டெண்டர் வைத்தார்கள். வேலை விழுப்புரத்துக்காரர் ஒருவருக்குப் போனது. சுவர் நன்றாகவே நிற்கிறது. எனக்கு அதில் துளி வருத்தமில்லை. ஒரே ஒரு குறைதான் இருந்தது. விதிப் புத்தகத்தில் எழுதியவர் பெயர் இருக்காது. அடித்தது யார் என்று அடி வாங்கியவருக்குத் தெரியாமல் போனால் அது என்ன அடி?

அந்தக் குறையையும் அவரே வந்து தீர்த்தார். ஒரு மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றது. உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா டீ வைத்தார். "மாமா, பாப்பா கம்ப்யூட்டர்ல கெட்டியாமே. மேல ஒரு மனு போடணும். இந்த ரூல்ஸ்ல இன்னா எழுதிகீதுன்னே வெளங்கல. கொஞ்சம் படிச்சிச் சொல்லச் சொல்லு" என்று காகிதத்தை நீட்டினார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இருந்த சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றிக்கொண்டு, நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்தேன். அந்த வரியை அவருக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

"எவன் பாப்பா இத்த எழுதனது? பாண்டிலேர்ந்து எவனாவது ஆபீசரா?"

"நான்தான் எழுதினேன்" என்றேன். "கருத்து கேட்டாங்க. குடுத்தேன்."

அவர் முகம் என் பக்கமிருந்து அப்பாவின் பக்கம் திரும்பியது. "இன்னா மாமா இது? ஒரு வார்த்த கேக்கமாட்டியா?" என்றார். அப்பா கேட்கவில்லை. "டீ ஆறுது மாப்ள" என்று மட்டும் சொன்னார். வந்தவர் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போய் வழியனுப்புவதுதான் முறை. அப்பா உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

கார் தெருமுனை திரும்பியது. பிறகு அவர் தொடாமல் விட்டுப்போன டம்ளரை அப்பா எடுத்து, ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"உங்கிட்ட அந்த ரூல்ஸ் இன்னொரு காப்பி இருக்குதுல்ல?" என்றார் என்னிடம். "கொண்டாந்து இன்னொரு தபா படிம்மா."