பொழியூரில் கிளம்பாத கார்

கடல் சீறத் தொடங்கியதிலிருந்து எங்கள் கார் பொழியூர் வீட்டு வாசலில் சாலையைப் பார்த்தே நின்றது. எந்த நேரமும் கிளம்ப வேண்டி வரலாம் என்று முக்கியமான சாமான்களை டிக்கியில் அடுக்கியிருந்தோம். அப்படியும் எனக்கு மனம் அடங்கவில்லை. மாத்திரை டப்பா, வீட்டுப் பத்திரம், குடை என்று எதையாவது எடுத்துக்கொண்டு போய் டிக்கியைத் திறப்பேன். பாதி நேரம் மூட மறந்துவிடுவேன்.

பத்தாம் நாள் காலையில் அலை பக்கத்து வீட்டுச் சுவரில் அடித்தது. கணவர் ஓடிப்போய் சாவியைத் திருப்பினார். ‘டக் டக்’ என்ற ஓசை மட்டும் வந்தது. நல்லவேளை, அலை அதற்கு மேல் ஏறவில்லை.

அமரவிளையிலிருந்து வந்த மெக்கானிக், தன் வண்டியிலிருந்து கேபிள் போட்டு எங்கள் காரைக் கிளப்பினார். மீட்டர் வைத்துப் பார்த்தார். அரைமணி நேரம் ஓடவிட்டு அணைத்தார். மறுபடி திருப்பினால் அதே ‘டக் டக்’.

“டைனமோவுக்கு ஒரு கேடும் இல்லக்கா, சார்ஜ் ஏறுது. பேட்டரியாக்கும் போச்சு. பழசு வேற. டிக்கிய தொறந்து போட்டா உள்ள லைட் எரியும்லா? மிச்சத்த அது தின்னாச்சு.”

கணவர் போய் டிக்கியை அழுத்தி மூடினார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

புதிய பேட்டரியை மாட்டிய மெக்கானிக், “தெனமும் கொஞ்ச தூரம் ஓட்டணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றே சாமான்களோடு நான் ஓட்டினேன். அமரவிளை வந்ததும், “போதும் பிள்ளே, திரும்பு” என்றார் கணவர். நான் கடலை விட்டு இன்னும் தள்ளி, நெய்யாற்றின்கரை வரை விட்டேன். அங்கே ஒரு சாயா குடித்த பிறகுதான் வண்டியைத் திருப்ப மனம் வந்தது.