வெள்ளை வளையம் போட்ட குடைவேல்

எண்பதுகளில் நடந்தது. அய்யலூர் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்கு மானாவாரி நிலம். அதன் வரப்பில் ஒரு குடைவேல மரம். கோடையில் புல் கருகிப்போனால் அதிலிருந்து காய்ந்து விழும் நெத்துதான் என் ஆடுகளுக்குத் தீனி. வேறு கிடையாது.

ஒருநாள் சர்க்கார் ஜீப்பில் மூன்று பேர் வந்தார்கள். விமானத்திலிருந்து மலையைப் படம் பிடித்திருக்கிறார்களாம். படத்தை வைத்தே மரத்தின் உயரத்தைச் சொல்வார்களாம். அது சரிதானா என்று பார்க்கக் கீழே சில மரங்களை அளக்கணுமாம்.

"இனிமே மேலேர்ந்து ஒரு வெளிச்சத்தை விட்டே அளந்துருவாங்கம்மா. வெளிநாட்டுல செய்றாங்க" என்றார் கண்ணாடி போட்டவர்.

"அளக்கட்டும் சார். மரத்துக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"என்ன ஆகப்போகுது?"

நான் ஆடு பத்திக்கொண்டு போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால், நெஞ்சு உயரத்துக்கு வெள்ளைப் பெயிண்டில் வளையம். மறு வருஷம் அதே இடத்தில் அளக்கவாம். என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் வளையம் போட்ட மரம் என்றால் ஏலம் போன மரம். ரோட்டோரப் புளியமரமெல்லாம் அப்படித்தான் போச்சு. வளையம் தெரியாதபடி சாணியை அள்ளி அப்பினேன். காய்ந்து உதிர்ந்துவிட்டது.

சந்தைக்குப் போய்த் திரும்பிய ஒருநாள், மரம் கீழே கிடந்தது. சூளைக்கு விறகு வெட்டுகிறவர்கள் கிளையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, யாரு மரத்தை யாருடா வெட்டுறது?"

"கோவிக்காதக்கா. ஆபீசரு வளையம் போட்ட மரம்."

"இது எங்க பட்டா நிலம்டா."

"வளையம் போட்டவங்ககிட்டப் போய்ச் சொல்லு. நெத்து வேணா பொறுக்கிக்க."

சிரித்தார்கள். பொறுக்கினேன். பத்து நாளைக்கு வந்தது.

அந்தக் கோடையில் ஆடுகள் எலும்பும் தோலுமாச்சு. கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டேன். இரண்டு மட்டும் மிச்சம்.

மறு வருஷம் அதே ஜீப், அதே கண்ணாடிக்காரர். அடிக்கட்டையைப் பார்த்ததும், "ஏம்மா, மரத்தை வித்துட்டியா?" என்று என்னையே கேட்டார்.

அவர் படத்தை விரித்தார். "இங்க பாரு. இந்தப் பொட்டுதான் உன் மரம். எவ்வளவு தெளிவா இருக்கு."

"இருக்கு சார். ஆட்டுக்கு இதைப் போடவா?"

படத்தைச் சுருட்டினார். பக்கத்தில் நின்ற வேம்பைப் பார்த்தார். கூட வந்தவன் பெயிண்டு டப்பாவைத் திறந்தான். நான் போய் மரத்தை ஒட்டி நின்றேன்.

"அளக்கணும்னா அளங்க. பெயிண்டு படக் கூடாது."

"அடையாளம் வேணும்மா."

"மேலேர்ந்துதான் அம்புட்டும் தெரியுதே. அங்கேயிருந்தே பாத்துக்கங்க."

டப்பாவை மூடுகிற வரைக்கும் நான் நகரவில்லை.