அவனுடைய வாப்பா கட்டியது

கற்பிட்டி ரோட்டோரம் இருக்கிற எங்கள் அகதி முகாமில் முதல் கல்வீடு கட்டியவன் நான். களப்புச் சேற்றில் பாத்தி வெட்டி உப்பு விளைத்தவன் நான். அந்த நிலத்தைப் பார்த்து, ‘இதில் நண்டுதான் குடித்தனம் நடத்தும்’ என்று சிரித்தவர்கள் பிறகு என்னிடமே கூலிக்கு வந்தார்கள். பள்ளிவாசலுக்குத் தண்ணீர்த் தாங்கி கட்டிக் கொடுத்தேன். மழை ரோட்டைத் தின்ற வருஷம் என் லொறியில் கிறவல் மண் ஏற்றி நானே கொட்டினேன். என் இரண்டு குமர்களைக் கல்யாணம் கட்டிக் கொடுத்துக் கரைசேர்த்தேன். நடக்க, கதைக்க ஏலாத பிள்ளைகளுக்கு என்று ஒரு பள்ளிக்கூடம் கட்டினேன். இத்தனையும் மூன்றாம் வகுப்போடு நின்றவன் செய்தது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தது உடுத்திருந்த சாறனும் இந்த இரண்டு கையும்தான்.

கடைசியாகச் சொன்ன பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். மற்றதெல்லாம் ஊருக்குத் தெரியும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தலைப்பிள்ளை பிறந்துவிட்டால் ஒரு ஆணுக்குச் சொந்தப் பெயர் தேவைப்படாது. பிள்ளையின் பெயரைச் சொல்லி, அதோடு ‘வாப்பா’ சேர்த்துக் கூப்பிடுவார்கள். அதுவரை ‘இஞ்சாருங்க’ என்று கூப்பிட்ட என் மனைவி, மகன் பிறந்த பிறகு அவன் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாள். கடையில், உப்பளத்தில், பள்ளிவாசலில், எங்கே போனாலும் நான் அவனுடைய வாப்பா. அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அது எழுதப்பட வேண்டிய இடம் வேறு.

என் மகன் நடக்கவில்லை, கதைக்கவில்லை. கழுத்து நிற்கவே சில வருஷம் ஆனது. ‘உள்ளே வைத்துப் பாருங்கள்’ என்று சொந்தக்காரர்கள் புத்தி சொன்னார்கள். நான் உப்பு தள்ளுகிற கைவண்டிலில் சாக்கு விரித்து, அவனை இருத்தி, உப்பளத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கிடுகுப் பந்தலுக்குக் கீழே வைத்து, அகன்ற பலகைத் தட்டு ஒன்றில் கல் உப்பை நிரப்பி அவன் முன்னால் போடுவேன். இரண்டு கையையும் அதற்குள் புதைத்து அளைவான். அந்த நறநறப்புக்குக் கடைவாய் தெரியச் சிரிப்பான்.

“முதலாளிட மகன் கங்காணி வேலை பாக்கிறாரு” என்பார்கள் உப்பு வாருகிற பெண்கள். “வாய் தொறந்து ஏசாத கங்காணி இவரு ஒராள்தான்.”

வெயில் ஏறிய நேரத்தில் அவன் சிரிப்புச் சத்தம் கேட்டால் வேலை இன்னும் கொஞ்சம் ஓடும். இது பெருமைக்குச் சொன்னதில்லை. பெருமைக்குச் சொல்ல என்னிடம் வேறு நிறைய இருக்கிறது.

பதினாறு வயதில், ஒரு மாரி மழையில், சளி நெஞ்சை அடைத்து மௌத்தானான். மையத்தை அடக்கிவிட்டு வந்த நாளிலிருந்து எவரும் என்னை அவன் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மனது நோகும் என்று நினைத்தார்கள். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவன்தானே, ‘ஹாஜியார்’ என்று சுலபமாக மாறிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்த மனைவி வாசலில் நின்றாள். வாயைத் திறந்தாள். வந்த பெயரை விழுங்கினாள்.

“இஞ்சாருங்க” என்றாள்.

அவனை அடக்கியபோது நான் அழவில்லை. அந்தத் தேத்தண்ணியைக் குடிக்காமல் முற்றத்தில் ஊற்றினேன்.

பிறகுதான் பள்ளிக்கூடம். பஸ் ரோட்டோரத்தில் நல்ல காணியாகப் பள்ளிவாசல் பேருக்கு எழுதிக் கொடுத்தேன். வாசல்களை அகலமாக வைத்தேன். சக்கரம் வைத்த உருட்டுக் கதிரை ஏறட்டும் என்று படிக்கட்டு வைக்காமல் சரிவு போடச் சொன்னேன். கட்டிட வேலைக்கு வந்த மேசன் பாஸ் தலையைச் சொறிந்தான்.

“ஹாஜியார், இது பள்ளிக்கூடம் மாதிரி இல்ல. லொறிக்குச் சாமான் ஏத்துற எடம் மாதிரி இரிக்கி.”

“ஏத்தத்தான் போறன். நீ சீமெந்தக் கொழ” என்றேன்.

வாசலில் ஒரு தகரப் பலகை. மேலே மகனின் பெயர் பெரிதாக. கீழே, ‘அவனுடைய வாப்பா கட்டியது.’ என் பெயர் எங்கும் இல்லை. எனக்கு அது போதும்.

நினைத்தது நடந்தது. பஸ் கொண்டக்டர் அவன் பெயரைச் சொல்லிக் கத்தி, அந்த இடத்தில் பஸ்ஸை நிறுத்தினான். வீட்டில் வேன் நிற்கும்போதே என் மனைவி பஸ்ஸில் டவுணுக்குப் போய் வரத் தொடங்கினாள். ஒரு கட்டு கீரைக்குக்கூடப் போவாள். போக ஒரு தரம், வர ஒரு தரம் அந்தப் பெயர் காதில் விழும்.

பிள்ளைகள் வந்தார்கள். தூரத்து ஊரான உடப்பிலிருந்துகூட ஒரு மீனவத் தாய் தன் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் சம்பளத்துக்கு வைத்த டீச்சர் மணலில் விரலால் கோடு போடப் பழக்கினா. மணல் எதற்கு என்று நான் உப்பளத்திலிருந்து என் மகனின் பலகைத் தட்டைக் கொண்டுவந்தேன். புது உப்பு, வெள்ளை வெளேரென்று, நிரப்பி வைத்தேன். ஒரு பெண்பிள்ளை இருந்தாள், எட்டு வயது இருக்கும். கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வாள். அவள் கையை நானே பிடித்து உப்புக்குள் வைத்தேன்.

அந்தக் கத்தல் ரோட்டுக்குக் கேட்டது. மணிக்கட்டெல்லாம் கடித்த புண். உப்பில் ஊறிய கைக்காரனான எனக்கு அது தோன்றவில்லை. எங்கள் கையில் உப்பு எரிவது நின்று எத்தனையோ காலம்.

பிள்ளையின் உம்மா வெளியே நின்றவள் ஓடி வந்தாள்.

“என்ன ஹாஜியார், இது புள்ளையா கருவாடா? உப்புப் போடுறீங்க!”

“என்ட மகன் இதே தட்டுல வருஷக்கணக்கா கை போட்டவன். ஒரு நாளும் அழல்ல” என்றேன்.

“உங்கட மகன்ட கை உங்கட கை. எங்கட புள்ளைட கை தோல் கை.”

மகளைத் தூக்கிக்கொண்டு போனாள். கதை அவளைவிட வேகமாக நடந்தது. ‘ஹாஜியார் பள்ளிக்கூடத்தில் அடங்காத பிள்ளைகளுக்குக் காயத்தில் உப்புத் தேய்க்கிறார்களாம்’ என்று கற்பிட்டி வரை போய்விட்டது. உடப்புத் தாய் வரவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். தேத்தண்ணி தந்தார்கள், பிள்ளையைத் தரவில்லை. பிறகு டீசலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் வந்தது, மிஞ்சிய பிள்ளைகளை ஏற்றி வந்த எங்கள் வேனும் நின்றது. டீச்சர் கட்டாருக்குப் போனா. பூட்டினோம்.

சரிவில் இப்போது ஆடுகள் படுக்கின்றன. பலகையை உப்புக் காற்று தின்றுவிட்டது. முதலில் போனது அவன் பெயர்தான். பெரிய எழுத்தில் காற்றுக்குப் பிடி அதிகம். அந்த இடம் வந்தால் கொண்டக்டர், “ஆட்டுக்கொட்டில், ஆட்டுக்கொட்டில்” என்று கத்துகிறான். பையன் புதிது, அவனுக்கு என்ன தெரியும். என் மனைவி இப்போது பஸ்ஸில் போவதில்லை.

அந்தப் பெண்பிள்ளை வளர்ந்துவிட்டாள். பகல் முழுக்க வேலியோரம் தனியாக இருக்கிறாள். நான் சைக்கிளில் போகும்போது கண்டால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாள். கதைக்கத் தெரியாத பிள்ளை. என்னை மட்டும் மறக்கவில்லை.

போன மாதம் பள்ளிவாசல் நிர்வாகத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். படித்த பிள்ளை, மரியாதையான பிள்ளை. கொழும்பில் ஒரு தனவந்தர் அந்தப் பள்ளிக்கூடக் கட்டிடத்தைத் திருத்தித் தருகிறாராம். கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தப் போகிறார்களாம். ஏலாத பிள்ளைகளுக்கு என்ன என்று கேட்டேன்.

“ஒரு ரூம் இரிக்கி ஹாஜியார். வந்தா பாப்பம்.”

வரமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புதுப் பலகை எப்படி இருக்கும் என்று போனில் காட்டினார். மேலே தனவந்தரின் பெயர். கீழே, ‘மற்றும் ஊர் நலன்விரும்பிகள்.’

“என்ட மகன்ட பேர்?”

“அது... பழைய போர்டுலயே அழிஞ்சிட்டுதானே. ஆக்களுக்கு இப்ப ஞாபகமும் இல்ல.”

“நான்?”

“நலன்விரும்பிகள்ல நீங்களும் அடக்கம். நன்மை அல்லாஹ்விடத்தில எழுதியாச்சி. வலக்கை குடுக்கிறது இடக்கைக்குத் தெரியக்கூடாதெண்டு சொல்லுவாங்களே.”

“தம்பி, அந்தக் காணிக்கு மண் சுமக்கும்போது என்ட இடக்கையும் கூடத்தான் சுமந்திச்சி. அதுக்குத் தெரியாம எப்படி?”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து மனைவி, “இஞ்சாருங்க, விடுங்க” என்றாள். அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார். அந்தப் பலகையைத்தான் மாட்டப் போகிறார்கள். நான் சொல்லி நிற்காது.

இருந்தாலும் எழுதி வைக்கிறேன். என்னை ஊர் நலன்விரும்பி என்று போட வேண்டாம். நான் ஊரின் நலனை விரும்பி அதைக் கட்டவில்லை. ஒரு பெயரை ஊர் வாயில் வைத்திருக்கக் கட்டினேன். என் பெயர் வேண்டாம், தனவந்தரின் பெயர் எத்தனை பெரிதாகவும் இருக்கட்டும். அதற்குக் கீழே என் மகனின் பெயரைப் போடுங்கள். பக்கத்தில் ‘வாப்பா’ என்று போடுங்கள். ‘உதவினார்’ என்று போடாதீர்கள், ‘கட்டினார்’ என்று போடுங்கள். அதையும் தகரத்தில் எழுதாமல் கல்லில் வெட்டுங்கள்.