மூன்று கோட்டிங் நீலப் பெயிண்ட்

தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்த மத்தியாசுக்கு வெற்று இரும்பைக் கண்டால் மானமே போய்விடும். வருடா வருடம் படகுக்குப் பெயிண்ட் அடித்த குடும்பம் அவருடையது. அந்தமானில் ஹட் பே தீவுத் துறையில் ஒரு கான்ட்ராக்டரிடம் எலக்ட்ரீசியனாக வந்து சேர்ந்த பிறகு, அங்கே வீசிய உப்புக்காற்றைத் தன் சொந்த எதிரியாகவே எடுத்துக்கொண்டார். கதவுத் தாழ்ப்பாள், வாளிக் கைப்பிடி, கட்டில் கால் எல்லாம் நீலம். மனைவி சிசிலியா உட்கார்ந்து எழுந்தால் சேலையிலும் நீலம்.

கான்ட்ராக்டரின் ஜீப்பில் முன்பக்கம் பேட்டரியில் ஓடும் விஞ்ச் ஒன்று இருந்தது. சேற்றில் புதைந்தால் அதன் கம்பிக் கயிற்றை மரத்தில் மாட்டி சுவிட்சை அமுக்கினால் போதும், வண்டி தன்னைத்தானே வெளியே இழுத்துக்கொள்ளும். 1974-ல் மழைக்கு முன்னால் மத்தியாஸ் அதைக் கழற்றி, விஞ்ச், அது உட்காரும் சட்டம், ஒன்று விடாமல் மூன்று கோட்டிங் படகுப் பெயிண்ட் அடித்து மாட்டினார்.

அடுத்த வாரம் சிசிலியா ஊருக்குக் கிளம்பினாள். ஆறு வருடத்தில் முதல் தடவை. தங்கை சூசைமேரிக்குக் கல்யாணம். பத்து மணிக் கப்பலைப் பிடித்தால்தான் போர்ட் பிளேரில் மெட்ராஸ் கப்பல் கிடைக்கும். விட்டால் கல்யாணத்தை போட்டோவில்தான் பார்க்க வேண்டும். அவள் போவதில் மத்தியாசுக்கு இஷ்டமே இல்லை. ஒரு மாதம் யார் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுவது? ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அவர் மத்தியாஸ் இல்லையே.

கப்பல் ஏறும் ஜெட்டிக்கு இரண்டு மைல் இருக்கும்போது, அவர்களைக் கூட்டிப்போன கான்ட்ராக்டர் ஜீப் சேற்றில் இறங்கி உட்கார்ந்தது. கயிற்றை மரத்தில் மாட்டி சுவிட்சை அமுக்கினார்கள். விஞ்ச் அசையவில்லை.

"ஜல்தி, மத்தியாஸ் பாய்! டைம் நஹி ஹை" என்று தீவு வழக்கப்படி இந்தியில் அவசரப்படுத்தினார் டிரைவர் சொக்கலிங்கம்.

மத்தியாஸ், கரண்ட் ஓடினால் எரியும் இரண்டு வயர் பல்பான டெஸ்ட் லாம்பை எடுத்தார். ஒரு வயரை பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறு வயரால் விஞ்சைத் தொட்டார். பல்பு எரியவில்லை.

"பேட்டரி செத்துட்டு."

சிசிலியா கையை நீட்டி ஹார்னை அமுக்கினாள். காட்டுப் புறாக்கள் பறந்தன.

"செத்தது எப்பிடிக் கத்துது?"

மத்தியாஸ் சுவிட்சைப் பிரித்தார். நல்லாயிருந்தது. விஞ்சுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயைத் தட்டினார். அதுவும் நல்லாயிருந்தது. மணி ஒன்பது.

"மோட்டார் எரிஞ்சிருக்கும்" என்று முணுமுணுத்தார்.

சிசிலியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உண்மையச் சொல்லுங்க. நான் போகக் கூடாதுன்னு வேணும்னே பண்ணுனியளா?"

"யாரு, நானா?" என்று மத்தியாஸ் கையை வீசிக் கத்தினார். அந்தக் கையில் இருந்த வயர், கல் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்திருந்த பம்பர் மேல் இடித்தது. பல்பு பளிச்சென்று எரிந்தது.

கத்தல் பாதியில் நின்றது. பெயிண்ட் மேல் தொட்டார், அணைந்தது. பெயர்ந்த இடத்தில் தொட்டார், எரிந்தது. விஞ்சின் எர்த் வயரை, மழமழவென்ற தன் நீலப் பெயிண்ட் மேலேயே வைத்து போல்ட் முடுக்கியிருந்தார்! மோட்டாருக்குப் போன கரண்ட் ஜீப்பின் இரும்பு வழியாக பேட்டரிக்குத் திரும்ப வழியில்லாமல் நின்றது.

"பெயிண்டுல கரண்டு போகாதோ?" என்று கேட்டாள் சிசிலியா. ஆறு வருடமாக அவளுக்குக் கரண்ட் பாடம் நடத்தியவர் குனிந்து ஸ்பேனரைத் தேடினார்.

போல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். வழுக்கியது. அவர் பெயிண்ட் அல்லவா, அவ்வளவு லேசில் வருமா? சிசிலியா பெட்டியைத் திறந்து, தங்கைக்குச் சீராக எடுத்துப் போன அந்தமான் படாக் மரத்தில் இரும்புப் பல் வைத்த தேங்காய்த் துருவியை நீட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு துருவினார். உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை இரும்பு தெரிந்ததும் வயரை வைத்து முடுக்கினார்.

விஞ்ச் உறுமியது. ஜீப் சேற்றிலிருந்து ஏறியது. பத்தாவது நிமிஷம் ஜெட்டி. சிசிலியா கப்பல் ஏறும்போது, "வெரசா வந்துரு" என்றார். அவ்வளவுதான் வந்தது.

நாற்பது நாள் கழித்துக் கப்பலிலிருந்து இறங்கியவளிடம், முதல் வேலையாக ஜீப்பைக் காட்டினார். ஜீப் முழுக்கப் புது நீலம். எர்த் போல்ட்டைச் சுற்றி உள்ளங்கை அகலம் மட்டும் வெறும் இரும்பாக விட்டு கிரீஸ் தடவியிருந்தார்.

சிசிலியா குனிந்து பார்த்தாள். அவர் இளைத்திருந்ததையும் பார்த்தாள்.

"வேணும்னா இந்த எடத்துக்கும் அடிச்சிக்கிடுங்க" என்றாள். "இனி ரெண்டு வருசத்துக்கு நான் எங்கயும் போகல."