சாவுக்குத்தான் வருவேன் என்ற அண்ணன்

எங்கள் மலைக் கிராமம் தாஷ்-கெச்சூவில் ஆடு வளர்ப்பவர்கள் உண்டு, குதிரை வளர்ப்பவர்கள் உண்டு. மிர்சாபெக் விருந்தாளி வளர்ப்பவன். ஆட்டைவிட விருந்தாளி மேல் என்பது அவன் கட்சி. ஓநாய் தூக்காது, கோமாரி வராது, குளிர் தொடங்கினால் தானாகவே விமானம் ஏறிப் போய்விடும். ரோமம் கத்தரிக்கும்போது மட்டும் கொஞ்சம் சிரித்த முகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாம் ஒரு சைக்கிள்காரனால் வந்தது. சங்கிலி அறுந்து, மூக்குத் தோல் உரிந்து, மேல் ஏரிக்கரையில் மிர்சாபெக்கின் கம்பளிக் கூடார வாசலில் வந்து விழுந்தான் அந்த வெளிநாட்டான். வந்தவனுக்கு ரொட்டியும் புளித்த குதிரைப்பாலும் கொடுத்து, படுக்க இடமும் கொடுத்து, சங்கிலியை வேலிக் கம்பியால் கட்டி அனுப்பி வைத்தான். போனவன் சும்மா போனானா? 'யாருக்குமே தெரியாத ஏரி' என்று உலகத்துக்கெல்லாம் எழுதிப் போட்டான். அடுத்த கோடையில், யாருக்குமே தெரியாத ஏரியைத் தெரிந்துகொண்ட அத்தனை பேரும் வந்து சேர்ந்தார்கள்.

மிர்சாபெக் கூடாரங்களை வரிசையாக நட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் நட்டார்கள். தனிமை தேடி வந்தவர்கள் கழிவறை வாசலில் கூட்டமாக நின்றார்கள். ஆளில்லாத ஏரியைப் படம் பிடிக்க வேண்டுமென்று ஒருவர் இன்னொருவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

விருந்தாளிகளுக்கு எல்லாம் அசலாக இருக்க வேண்டும் என்பதை மிர்சாபெக் சீக்கிரமே கண்டுகொண்டான். அதனால் டிஷ் ஆன்டெனாவைச் சாணிக் குவியலுக்குப் பின்னால் நட்டான். குளிர்சாதனப் பெட்டிக்குக் கம்பளி போர்த்தி அதன்மேல் ஒரு சேணத்தை வைத்தான். கல்யாணத்துக்குக்கூடத் தொப்பி போடாதவன், வெள்ளைக் கல்பாக் தொப்பி இல்லாமல் பல் விளக்குவதையும் விட்டான். ஜெனரேட்டரின் உறுமலைக் கேட்டு ஓர் அம்மாள் பயந்தபோது, "அது எங்க மலைக்காத்து" என்று சொல்லச் சொன்னான். மொழிபெயர்க்கும் வழிகாட்டிப் பெண் மீரிம் அதைச் சிரிக்காமல் சொன்னாள். அன்றிலிருந்து அவள்மேல் அவனுக்கு மரியாதை.

இந்த வியாபாரத்தில் அவனுக்கு ஒரே ஒரு நஷ்டம். அது அண்ணன் தூர்துகுல்.

அண்ணன் ஆட்டுக்காரன். அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான மேய்ச்சலில், ஊற்று புறப்படும் இடத்துக்கு நேர் மேலேதான் மிர்சாபெக்கின் முகாம் இருந்தது. ஊற்று தெரிந்தால்தான் படம் அழகாக வரும். ஆனால் முகாமின் கழிவெல்லாம் ஊற்றுக்குள் இறங்கியது. ஜீப்புகள் புல்லின்மேல் புதுப்புதுத் தடம் போட்டன. ஒருமுறை தடம் விழுந்த இடத்தில் அந்த மலையில் மறுபடி புல் முளைக்காது. அண்ணனின் ஆடுகள் ஊற்றை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன.

"கீழ எறக்கிப் போடுடா முகாம. ஆடே குடிக்க மாட்டேங்குது."

"கீழ போட்டா ஊத்து தெரியாதுண்ணே."

"ஊத்து தெரியணுமா, ஊத்து இருக்கணுமா?"

"நீ ஆட்டுக்குப் பேசற, நான் விருந்தாளிக்குப் பேசறேன்."

"அப்ப விருந்தாளியவே அண்ணன்னு கூப்பிட்டுக்கோ. இனி உன் வாசல்ல நான் கால் வச்சா, அது உன் சாவுக்குத்தான்!"

சொன்னவன் சொன்னபடி நின்றான். மிர்சாபெக்கின் மச்சினி கல்யாணத்துக்கும் வரவில்லை, நோன்புப் பெருநாளுக்கும் வரவில்லை. கடைத்தெருவில் தம்பியைப் பார்த்தால் குதிரையோடு பேசத் தொடங்கிவிடுவான். மிர்சாபெக் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் பெருநாளன்று மேசையில் அண்ணனுக்கென்று ஒரு கிண்ணம் வைத்து, அதில் தேநீரும் ஊற்றி, அது ஆறியதும் தானே குடித்தான். மனைவி சய்கால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முகாம எறக்கிட்டா என்னங்க?"

"கோடை வருமானம் போயிருமே. குளிர்காலத்துலயும் ஆளு வர ஆரம்பிச்சா எறக்கிடலாம்." ஆடு விலை பேசுகிற குரலில்தான் சொன்னான். மனதில் இருப்பதை மறைக்கும்போதுதான் அந்தக் குரல் வரும் என்று சய்காலுக்குத் தெரியும்.

அப்படியிருக்க, நல்ல பனி நாளொன்றில் மீரிம் போன் செய்தாள்.

"மாமா, நாளைக்கு ஆளு கூட்டிட்டு வரேன். பனிக்குள்ள கம்பளிக் கூடாரத்துல படுக்கணுமாம். இது சரியா வந்தா குளிர்காலம் முழுக்க அனுப்புறோம்னு கம்பெனில சொல்றாங்க."

"வீட்டுல நல்ல அடுப்பு இருக்கேம்மா."

"அடுப்பு அவங்க ஊர்லயும் இருக்கு மாமா."

சய்கால் பக்கத்து ஊரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் இந்தக் கதை இந்த இடத்திலேயே முடிந்திருக்கும். காலையில் மிர்சாபெக் போனை வீட்டுக்குள் சார்ஜில் போட்டுவிட்டு, காதல் ஜோடிகளுக்கென்று செய்து வைத்திருந்த குட்டிக் கூடாரத்தை ஒற்றை ஆளாக வீட்டு வாசலை ஒட்டி நிறுத்தினான். உள்ளே போய் அடுப்பு மூட்டினான். சைக்கிள்காரன் வந்த நாள் முதல் அவன் கணக்கில் கூடாரம் என்றால் விருந்தாளி. ஊர்க் கணக்கு வேறு. பனிக்காலத்தில், கல்யாணப் பேச்சு எதுவும் இல்லாத வீட்டு வாசலில் தனியாக ஒரு கூடாரம் எழுந்தால், அதற்குள் பிணம் இருக்கிறது என்று அர்த்தம்.

எதிர்வீட்டு உர்க்கூயா ஜன்னலைத் திறந்தாள், கூடாரத்தைப் பார்த்தாள், பூப்போட்ட தலைத்துணியை அவிழ்த்துவிட்டு வெறும் துணியைக் கட்டினாள். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றி, சாவு வீட்டுக்கென்று மாவு உருண்டைகளைப் பொரிக்கத் தொடங்கினாள். ஒரு கை பொரித்தது, மறு கை போனைப் பிடித்தது.

"மிர்சாபெக் வாசல்ல கூடாரம் நிக்குது."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் கேட்பதும் எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. 'செத்தது யாரு?' என்று கேட்பதைப்போல் கேவலம் வேறில்லை. முதலில் அழ வேண்டும். யாருக்காக அழுதோம் என்பது போகப் போகத் தெரியும்.

ஆண்கள் தெருமுனையிலிருந்தே குரலெடுத்து அழுதபடி வந்தார்கள். கூடாரத்துக்குள் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்த மிர்சாபெக்குக்கு அது கேட்டது. புகை போகக் கூரை மறைப்பைத் தள்ளும் கோலைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தான். சாவு வீட்டு வாசலில் கோலூன்றி நிற்பவன்தான் துக்கத்துக்கு உரியவன். வந்தவர்கள் அவன் தோளில் சாய்ந்து அழுதார்கள். 'இவன் நிக்கிறான், சய்காலக் காணோம், அப்ப அவதான்' என்று அவர்கள் மனதுக்குள் முடிவு செய்தார்கள்.

மிர்சாபெக் வேறு முடிவுக்கு வந்தான். ஊரே தன்னைத் தேடி வந்து தன் தோளில் விழுந்து அழுகிறது என்றால் தனக்கு யார் போயிருக்க முடியும்? பெற்றவர்கள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. சய்கால் காலையில்தான் போனில் பேசினாள். மிச்சம் இருப்பது அண்ணன் ஒருவன்தான். அப்படியே முன்னால் சாய்ந்தான். கோல் தாங்கிப் பிடித்தது.

"அய்யோ, நான் சாஞ்சுக்க இருந்த மலையே! ஒரு வாய் டீ குடிக்காம போயிட்டியே அண்ணே!"

பெண்கள் பின்வாசல் வழியாகக் கூடாரத்துக்குள் போக நினைத்தார்கள். குட்டிக் கூடாரத்துக்குப் பின்வாசல் கிடையாது. முன்வாசல் வழியாகவே நெருக்கியடித்துப் புகுந்து, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். நடுவில் பிணம் இருக்க வேண்டிய இடத்தில் காதலர்களுக்கான சிவப்பு மெத்தை விரித்துக் கிடந்தது. சுவரைப் பார்த்து அழுபவர்கள் அதைப் பார்ப்பதில்லை.

செய்தி மேல் பட்டிக்குப் போனது. தூர்துகுல் ஆட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தான். தம்பி வாசலில் கூடாரம் என்று காதில் விழுந்ததும் சேணத்தைக்கூடச் சரியாகக் கட்டாமல் குதிரை ஏறினான். சாவுக்குத்தான் வருவேன் என்று சொன்னது இந்த வாய்தானே! வழியெல்லாம் அந்த வாயால்தான் அழுதுகொண்டு வந்தான். தெருவுக்குள் குதிரை பாய்ந்தபோது அவன் கண் மூடியிருந்தது.

"தம்பீ! எந்திரிடா தம்பீ! ஊத்த நீயே வச்சுக்கோடா! புல்லு எதுக்குடா எனக்கு, மேய்ச்சல் எதுக்குடா! எல்லாத்தையும் ஜீப்பு ஏத்தி மிதிச்சுக்கோ, எந்திரிச்சு வாடா!"

குதிரையிலிருந்து சரிந்து இறங்கி, கோலூன்றி நின்றவன் தோளில் போய் விழுந்தான். கோல்காரனின் கல்பாக் மூக்குவரை இறங்கியிருந்தது. அவனும் வந்தவனைக் கட்டிக்கொண்டான்.

"அண்ணே! கூடாரத்தயெல்லாம் தூக்கிடறேன்ணே! உன் ஊத்துப் பக்கமே வரமாட்டேன்ணே! ஒருவாட்டி கண்ணத் தொறந்து என்னத் திட்டுண்ணே!"

இப்படி இருவரும் ஒருவருக்காக ஒருவர், ஒருவர் காதிலேயே ஒருவர் அழுதார்கள். ஊரின் அழுகைச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. அந்த நேரத்தில்தான் மீரிமின் வண்டி வந்து நின்றது. விருந்தாளிகள் கேமராவும் கையுமாக இறங்கினார்கள். அவர்களுக்கு நடுவே, பேருந்து நிறுத்தத்தில் மீரிம் ஏற்றி வந்த சய்கால் இறங்கினாள். அவளுக்காக அழ வந்த ஒருவன் அவளைப் பார்த்துவிட்டு, பனியில் சறுக்கி உட்கார்ந்தான்.

சய்கால் கூட்டத்தைப் பார்த்தாள். கூடாரத்தைப் பார்த்தாள். கட்டிப்பிடித்துக் கிடக்கும் இருவரைப் பார்த்தாள். பிறகு எங்கள் ஊரில் யாரும் கேட்காத கேள்வியை உரக்கக் கேட்டாள்.

"செத்தது யாரு?"

அழுகை நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கூடாரத்துக்குள்ளிருந்து உர்க்கூயா தலையை நீட்டி, "நீ இல்லியா?" என்றாள் கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

தூர்துகுல் தலை நிமிர்ந்தான். மிர்சாபெக் கல்பாக்கை மேலே தள்ளினான்.

"நீயா!"

"நீயா!"

"டேய், நீ சாகலியா?"

"நீயும் சாகலியாண்ணே?"

"நான் எதுக்குடா சாகணும்? கூடாரம் உன் வாசல்லதானடா நிக்குது!"

"விருந்தாளிக்குப் போட்டேண்ணே..."

"விருந்தாளிக்கா! பனியில வாசல்ல கூடாரம் போடுற அளவுக்கு மறந்து போச்சாடா உனக்கு? என் குதிரைக்கு மூச்சு வாங்குது, பாரு! அது நிஜமா செத்தா, உன்னையே சேணம் கட்டி ஓட்டுவேன்!"

குதிரையின் கடிவாளத்தைப் பற்றித் திரும்பினான். விட்டால் போயிருப்பான். போயிருந்தால் அடுத்து உண்மையிலேயே சாவுக்குத்தான் வந்திருப்பான். உர்க்கூயாதான் பொரித்த உருண்டைகளைப் பெரிய தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு வழியை மறித்தாள்.

"அழுத வீட்டுல உருண்டை கடிக்காம போறதா? நான் காலையிலேர்ந்து சட்டி முன்னால நின்னது யாருக்கு?"

"யாராவது செத்தாத்தானே அதெல்லாம்?" என்றான் தூர்துகுல்.

"அது உங்க குடும்பத் தகராறு. எனக்கு எண்ணெய் செலவாயிருச்சு."

சிரிப்பு முதலில் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. குதிரையிடமிருந்துகூட வந்திருக்கலாம். தூர்துகுல் ஓர் உருண்டையை எடுத்து, கோபம் குறையாதபடி மென்றான். அதற்குள் சய்கால் அவன் கையிலிருந்து கடிவாளத்தை வாங்கி, குதிரையைத் தொழுவத்தில் கட்டிவிட்டாள்.

விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த ஆடு ஊருக்கென்று வெந்தது. விருந்தாளிகளும் ஊரோடு ஊராக உட்கார்ந்தார்கள். குளிர்காலத்துக்கென்று வீட்டுக்கு இறக்கியிருந்த டிஷ் ஆன்டெனாவும் குளிர்சாதனப் பெட்டியும் போர்வையில்லாமல் எதிரிலேயே நின்றன, அதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. வழுக்கை விழுந்த விருந்தாளி ஒருவர் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாருக்காக அழுதார் என்று மீரிம் கேட்டதற்கு, வீட்டில் ஓர் அண்ணன் இருக்கிறார், பேசி நாளாகிறது என்றாராம்.

சாப்பாட்டின் நடுவே புதுச் சண்டை பிறந்தது.

"அழுதப்ப சொன்னது சொன்னதுதான்," என்றான் தூர்துகுல். "ஊத்து உன்னுது. ஊர் முன்னாடி சொல்லியிருக்கேன்."

"நானுந்தான் சொன்னேன். என் கூடாரம் அங்க இருக்காது."

"நான் குடுத்தத வேணாங்கிறியா?"

"நீ மட்டும் நான் குடுத்தத வாங்கிக்கிறியா?"

"பாரு, சாகாதவனுக்குத் திமிரப் பாரு!"

சய்கால் இறைச்சித் தட்டை இருவருக்கும் நடுவில் டங்கென்று வைத்தாள். "ஊத்து ஆட்டுக்கு. முகாம் ஊத்துக்குக் கீழ. ஜீப்பு கீழ ஆத்துப் பாலத்தோட நிக்கட்டும், பார்க்க வர்றவங்களுக்குக் கால் இருக்கு, நடக்கட்டும். மாமா, மூத்தவருக்குத்தான் அந்தக் கொழுப்பு, எடுத்துக்குங்க, ஆறிடும்."

அண்ணன் கொழுப்பை எடுத்தான். பாதியைப் பிய்த்துத் தம்பியின் வாயில் திணித்தான். கொஞ்சம் பலமாகத்தான் திணித்தான்.

சில நாள் கழித்து மீரிம் மறுபடி அழைத்தாள். அன்றைக்குப் பிடித்த படத்தை உலகமே பார்க்கிறதாம். கம்பெனியில் கேட்கிறார்களாம், அந்த ஒப்பாரியை வாரா வாரம் வைக்க முடியுமா, அண்ணனும் குதிரையில் அதேபோல் கண்ணை மூடிக்கொண்டு வர முடியுமா, வெயில் சாய்கிற நேரமாக இருந்தால் படத்துக்கு நல்லது என்று.

மிர்சாபெக் போனை அண்ணனிடம் கொடுத்தான். அண்ணன் பொறுமையாகக் கேட்டான்.

"வரேம்மா," என்றான். "மொதல்ல உங்க முதலாளிய அந்தக் கூடாரத்துல வந்து படுக்கச் சொல்லு. ஒருத்தர் நிஜமா செத்தாத்தான் எனக்கு அழுக வரும்."

ஒப்பாரி நிகழ்ச்சி அத்தோடு போயிற்று. குளிர்கால விருந்தாளிகள் மட்டும் வருகிறார்கள், கூட்டமாக அல்ல. கோடையில் பாலத்தில் இறங்கி நடக்க வேண்டியிருப்பதால் பாதிப் பேர் வேறு ஏரிக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர், நடந்து வந்ததுதான் அழகு என்று எழுதுகிறார்கள். போன கோடையில் அண்ணனின் கிழட்டுச் செம்மறி ஒன்று ஊற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் குடித்தது.

இப்போது பனி விழுந்து விருந்தாளி வருவதாக இருந்தால், மிர்சாபெக் முந்தின நாளே வீடு வீடாகப் போய், "நாளைக்குக் கூடாரம் போடறேன், எல்லாரும் உசுரோடத்தான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டு வருகிறான். "நல்லாத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு உர்க்கூயா எண்ணெய்ச் சட்டியைக் கைக்கு எட்டும் இடத்திலேயே வைத்துக்கொள்கிறாள்.

சொன்னாலும் தூர்துகுல் ஒவ்வொரு முறையும் வந்துவிடுகிறான். இப்போதெல்லாம் குதிரை நடையில்தான் வருகிறது, சேணமும் ஒழுங்காகக் கட்டியிருக்கிறது. கூடாரத்தின் முன் நிறுத்தி, இறங்காமலேயே தொண்டையைச் செருமுகிறான்.

"யாரும் சாகலியே?"

"இல்லண்ணே."

"சரி, வந்தது வந்தாச்சு, டீயப் போடு."