பதினோரடிக் கூடமும் வலக்கோடிச் சாளரமும்

மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட ஒரு திங்கட்கிழமை காலையில், என் கணினித் திரையின் வலக்கோடியில் சிறு சாளரம் ஒன்று முதன்முறையாகத் தோன்றியது. கட்டட வரைபடம் தீட்டும் அந்த மென்பொருளோடு நான் பல ஆண்டுகள் பழகியவன். அதுவரை அது நான் சொன்னதைச் செய்ததே தவிர, என்னைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. அன்று சொன்னது. அதன் ஆங்கிலத்தைத் தமிழில் தந்தால் இவ்வாறு வரும்: ‘சென்ற வாரம் அளத்தல் கட்டளையைப் பிற பயனர்களைவிட மிக அதிகமாகப் பயன்படுத்தியுள்ளீர்கள். நேரத்தை மிச்சப்படுத்த உங்களுக்கான ஒரு வழி இதோ.’

அந்த வழியை நான் படிக்கவில்லை. ‘பிற பயனர்கள்’ என்ற சொற்களிலேயே நின்றுவிட்டேன். யாரோ என்னை யாரோடோ ஒப்பிட்டிருக்கிறார்கள். ஒப்பிட்டதை யாருக்குச் சொன்னார்கள் என்பதே என் கேள்வி.

எங்கள் அலுவலகம் ஈப்போவில், சிலிபின் பகுதியில், ஓர் உணவகத்தின் மேல்மாடியில் இருக்கிறது. அங்கு இருவரே வேலை செய்கிறோம். உரிமையாளர் நாற்பது வயதைக் கடந்த பெண்மணி, கட்டடக் கலைஞர். நான் தைப்பிங்கில் அரசு வரைவாளனாக இருந்து ஓய்வு பெற்று, பின்னர் அவரிடம் சேர்ந்தவன். மென்பொருளின் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆளுக்கொன்றாக இரண்டு உரிமங்கள். சாளரம் தோன்றுவதற்கு முந்திய வாரம்தான் அவர் தேநீர்க் குவளையோடு என் மேசையருகே வந்து நின்றார்.

“ரெண்டு லைசென்ஸும் தேவைதானான்னு யோசிக்கிறேன் சார். அடுத்த மாசம் ரினியூ பண்ணணும்.”

இரண்டில் ஒன்று போனால் எது போகும் என்று நான் கேட்கவில்லை. அது கேட்டறிய வேண்டிய செய்தியும் அன்று. மனைவி மறைந்தபின், காலையில் எழுந்து சட்டை மாட்டிக்கொள்வதற்கு அந்த நாற்காலியைத் தவிர வேறு காரணம் எனக்கு இல்லை.

நான் மிகுதியாக அளப்பவன் என்பது உண்மை. அதற்குக் காரணமும் உண்டு. நகராட்சிக்கு வரைபடம் மில்லிமீட்டரில் போக வேண்டும். வீடு கட்டுகிற நம்மவருக்கோ மனையடிக் கணக்கு வேண்டும். அறையின் உள்ளகலம் முழு அடிகளில் வரவேண்டும். அவற்றிலும் சில எண்களே நல்லவை. பதினொன்று ஆகும், பன்னிரண்டு ஆகாது. அந்த அகலம் செங்கலுக்குச் செங்கல் அன்று. சுவர்ப்பூச்சு முடிந்தபின் எஞ்சும் வெளி. ஆகவே ஒவ்வோர் அறைக்கும் பூச்சின் கனத்தை மென்பொருளின் தனி அடுக்கில் வரைந்து, அடியில் அளந்து சரிபார்த்து, தாளில் தெரியாதபடி அந்த அடுக்கை அணைத்துவிடுவேன். நகராட்சிக்குப் போகும் தாளில் பதினோரடியோடு பூச்சும் சேர்ந்த 3393 என்பது போன்ற எண் மட்டும் நிற்கும். அது ஏன் 3400 ஆகவில்லை என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை.

சாளரம் அந்தத் திங்களன்றே தன் அடுத்த குறிப்பில் கேட்டது. ‘உங்கள் அளவுகள் பெரும்பாலும் சீரான கட்டங்களுக்குள் அமையவில்லை. முந்நூறு மில்லிமீட்டர்க் கட்டத்தில் கோடுகள் தாமே பொருந்தும் வசதியை இயக்கிப் பாருங்கள்.’

அன்று பிற்பகலே உரிமையாளரும் கேட்டார்: “சார், ஒவ்வொரு ரூமையும் ரெண்டு தடவ மெஷர் பண்றீங்களா?”

அவருடைய குரலில் கடுமை இல்லை. ஆயினும், காலையில் சாளரம் சொன்னதை பிற்பகலில் ஒருவர் தற்செயலாகச் சொல்வார் என்று நான் நம்பவில்லை. என் பயன்பாட்டைப் பற்றிய அறிக்கை அவர் மேசைக்குப் போகிறது என்று முடிவு செய்தேன்.

நான் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். பால்மரம் வெட்டியவர்கள் வீடு திரும்பியபின், நிரைக்குள் தனியே நுழைந்து, பட்டை எவ்வளவு சீவப்பட்டிருக்கிறது என்று அளவுகோலால் பார்க்கும் மண்டோர் என்ற மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். யாரையும் அவர் எதிரில் நின்று திட்டியதில்லை. மறுநாள் ஆள்கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும்போதுதான், யாருடைய மரத்தில் காயம் என்பது தெரியவரும். அளந்தபோது வெட்டியவர் அங்கு இருந்ததே இல்லை. என் தந்தையார் அந்த மனிதரைப் பற்றி வீட்டில் பேசும்போது குரலைத் தாழ்த்துவார். அந்தத் தாழ்ந்த குரல் எனக்கு நினைவுக்கு வந்தது.

முதலில் சாளரத்தின்மீது ஒரு துண்டுத் தாளை ஒட்டினேன். என் கண்ணை மறைத்தேனே தவிர, அதன் கண்ணை மறைக்கவில்லை என்று உணர்ந்து தாளை எடுத்துவிட்டேன். பிறகு, இன்று எழுதக் கூசும் ஒன்றைச் செய்தேன். அது சொன்னபடி நடந்தேன். கட்டப் பொருத்தியை இயக்கினேன். அளத்தல் கட்டளையைத் தொடவில்லை. பூச்சு அடுக்கை வரையவில்லை. அடுத்த திங்களன்று, ‘உங்கள் வேலை வேகம் முன்னேறியுள்ளது’ என்று சாளரம் பாராட்டியது. அந்த வாரம் உரிமையாளரும் புன்னகையோடு வணக்கம் சொன்னதாக எனக்குப் பட்டது. அவர் எப்போதும் அப்படித்தான் சொல்பவர் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த வாரம் நான் வரைந்தது ஒரு லாரி ஓட்டுநரின் வீடு. அவர் குடியிருந்த தோட்டம் கைமாறியபின் செமோரில் மனை வாங்கியவர். கூடம் பதினோரடி வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லியிருந்தார்.

“பன்னெண்டு வந்துச்சுன்னா மாமியா வீட்டுக்குள்ள காலே வைக்காதுண்ணே.”

“அதற்குத்தானே பன்னிரண்டு போடச் சொல்வீர்கள் என்று நினைத்தேன்,” என்றேன்.

“ஆசையாத்தான் இருக்கு. பொண்டாட்டியும் கூடவே போயிருவா.”

வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. மனையில் முளையடித்துக் கயிறு கட்டினார்கள். மறுநாள் காலை ஓட்டுநர் அளவுநாடாவைக் கையில் பிடித்தபடியே எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்.

“அண்ணே, கயிறுக்குக் கயிறு பத்தடி பத்து அங்குலம். ரெண்டு பக்கமும் பூசினா பத்தே முக்கா கூட நிக்காது. உங்க கம்ப்யூட்டர் எந்த ஊரு அடி படிச்சிச்சு லா?”

தாளை விரித்தேன். 3300 என்று இருந்தது. கோடு கட்டத்தில் ஒட்டிக்கொண்டபோது நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

“தவறு கணினியுடையது அன்று; என்னுடையது,” என்றேன்.

உரிமையாளர் எழுந்து வந்தார். அஸ்திவாரம் இன்னும் தோண்டவில்லை என்று அறிந்து, வரைபடத்தைத் திருத்தி மறுபடி அனுப்புவதாகவும் அதுவரை காத்திருக்க வேண்டும் என்றும் ஓட்டுநரிடம் சொன்னார். ஓட்டுநர் நாடாவை இழுப்பதும் விடுவதுமாக நின்றார்.

“பரவால்லக்கா. தோண்டுறதுக்கு முன்னாடி பாத்ததே சாமி புண்ணியம்,” என்று இறங்கிப் போனார்.

“நீங்க இப்படி விட மாட்டீங்களே சார். என்ன ஆச்சு?” என்றார் உரிமையாளர்.

சொன்னேன். சாளரத்தைப் பற்றியும், உரிமத்தைப் பற்றியும், அவர் அறிக்கை பெறுகிறார் என்று நான் கொண்ட முடிவைப் பற்றியும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் தம் மேசைக்குப் போய்த் திரையை என் பக்கம் திருப்பினார்.

“எனக்கு வர்றது இதுதான். உங்களைப் பத்தி ஒண்ணும் வராது. என்னைப் பத்தித்தான் வரும். பாருங்க.”

அவருடைய வலக்கோடியிலும் ஒரு சாளரம் இருந்தது. ‘இந்தக் கோப்புகளை அடிக்கடி திறக்கிறீர்கள், மாற்றம் எதுவும் செய்வதில்லை. பார்ப்பதற்கு மட்டும் என்ற முறையில் திறந்தால் விரைவாக இருக்கும்.’ கீழே கோப்புகளின் பட்டியல். எல்லாம் நான் வரைந்தவை.

பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தேன். கீழே உணவகத்தில் தட்டுகள் மோதும் ஒலி கேட்டது.

“நீங்க போனதுக்கப்புறம் தெறந்து பாப்பேன்,” என்றார் அவர். “மொதல்ல செக் பண்ணத்தான் பாத்தேன். பொய் சொல்லல. உங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சுல்ல, அதுக்கப்புறம். அப்பதான் அணைச்சு வெச்சிருந்த அந்த பிளாஸ்டர் லேயரைப் பாத்தேன். எனக்கு யாரும் அதச் சொல்லித் தரல. அதக் கத்துக்கத்தான் அப்புறம் பாத்தேன்; ரெண்டு தடவ மெஷர் பண்றீங்களான்னு கேட்டதும் அதப் பாத்துத்தான்.”

“உரிமம்?”

“ரெண்டும் போன வாரமே ரினியூ பண்ணிட்டேன் சார். ஒண்ணா போடலாமான்னு யோசிச்சது உண்மைதான்.”

என் நாற்காலிக்குத் திரும்பினேன். கட்டப் பொருத்தியை அணைத்தேன். கூடத்தை 3393 ஆக்கி, பூச்சு வரைந்து, அளந்தேன், மீண்டும் அளந்தேன். இரண்டு முறையும் பதினோரடி.

நாற்காலி நிலைத்தது. ஐயம் முற்றும் நீங்கிற்று என்று எழுதினால் அது மெய்யாகாது. எந்த மாலை அவர் சோதித்தார், எந்த மாலை கற்றார் என்பதை அவருடைய சாளரம் பிரித்துக் காட்டவில்லை. அவரும் பிரித்துச் சொல்லவில்லை. என் சாளரம் இன்றும் திங்கள்தோறும் நான் மிகுதியாக அளப்பதைக் குறை கூறுகிறது. நான் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டேன். மாலையில் புறப்படும்போது பூச்சு அடுக்கை அணைப்பதில்லை. நான் போனபின் திறப்பவர் தேடாமலே காணட்டும்.